திருவாரூரிலிருந்து கம்பாத்துக்கு: மூலாதாரமும் சிவப்புக் கல்லும்

மூலாதாரம் முதுகுத்தண்டின் அடியில் இருப்பதாக யோக நூல்கள் சொல்லும் ஆதாரம். ஆறு ஆதாரங்களில் அதுவே முதலாவது. ஐம்பூதங்களில் நிலத்துக்கு உரியது. குண்டலினி மூன்றரைச் சுற்றாகச் சுருண்டு உறங்கும் இடமும் அதுதான். உடம்புக்குள் சொல்லப்பட்ட இந்த ஆறையும் தமிழ்ச் சைவ மரபு ஊர்களாகப் பரப்பி வைத்திருக்கிறது. திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், தில்லை அநாகதம், திருக்காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை என்பது பரவலாக வழங்கும் வரிசை. நூலையும் தலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு சிறு முரண் தெரியும். அநாகதம் காற்றுக்கும் விசுத்தி ஆகாயத்துக்கும் உரியவை என்கின்றன நூல்கள். தலங்களிலோ தில்லை ஆகாயம், காளத்தி காற்று. இதற்குப் பெரியவர்கள் விளக்கம் வைத்திருக்கிறார்கள் என்றாலும், இரண்டு வெவ்வேறு பட்டியல்களைப் பிற்காலத்தில் யாரோ ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள் என்று நினைப்பதே எளிது.

இன்று இதே மூலாதாரம் ‘ரூட் சக்ரா’ என்ற பெயரில் உலகம் முழுக்க விற்பனையில் இருக்கிறது. அதன் நிறம் சிவப்பு என்கிறார்கள். அதற்கான கற்கள் சிவப்பு ஜாஸ்பர், கார்னெட், ஹெமடைட், கறுப்பு டூர்மலைன், சில கடைகளில் சூதுபவளம். பயம், பணக்கவலை, இடுப்புவலி, உறக்கமின்மை எல்லாம் இந்தச் சக்கரம் அடைபட்டதால் வருபவை. சிவப்பு ஒளியில் உட்கார்ந்தாலோ, சிவப்புக் கல்லை அடிவயிற்றின்மேல் வைத்தாலோ திறந்துகொள்ளும் என்பது மருத்துவ முறை. யோகத்தின் மூலாதாரமும் கடையின் சிவப்புக் கல்லும் எங்கே ஒட்டிக்கொண்டன என்று பார்க்க ஒரு பாதை இருக்கிறது. அது திருவாரூரில் தொடங்கி, சிதம்பரம், அடையாறு வழியாகக் குஜராத்தின் கம்பாத் வரை போகிறது.

திருவாரூர்க் கோயிலின் அளவைச் சொல்ல ஊரில் ஒரு கணக்கு உண்டு: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி. குளம் கமலாலயம். மூலவர் வன்மீகநாதர், அதாவது புற்றில் எழுந்தவர். மண்ணே மூலவரான ஊரை நிலத்துக்கும் மூலாதாரத்துக்கும் உரியதாக்கியதில் வியப்பில்லை. கோயிலுக்குள் மூலாதார கணபதி என்றே பெயர் பெற்ற ஒரு விநாயகர் இருக்கிறார். ஐந்து தலை நாகம் சுருண்டு கிடக்க, சுருளின் நடுவில் தாமரை விரிந்திருக்க, அதன்மேல் நடன நிலையில் நிற்கிறார். பாம்பு, தாமரை, கணபதி என்று மூலாதாரம் பற்றிய நூல்கள் சொல்வதைச் சிற்பி கைக்கு அடக்கமாகச் செய்துவிட்டார். 1775-இல் இதே ஊரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் இந்தக் கணபதியையும், கால்மேல் கால் போட்டு யோகத்தில் அமர்ந்திருக்கும் கமலாம்பிகையையும் பாடிய கீர்த்தனைகளில் சக்கரங்களும் ஆவரணங்களும் நிறைந்திருக்கின்றன.

இதே கோயிலின் மற்றொரு மூர்த்தி தியாகராசர். அவருடைய நடனத்துக்கு இங்கே அசபா நடனம் என்று பெயர். திருமாலின் மார்பில் இருந்தபோது அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஆடியது என்பது புராணம். தியாகராசரின் உருவத்தை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. முகம் மட்டுமே தெரியும். மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் பாத தரிசனம். கல்லைத் தேடி வருகிறவர் கவனிக்க வேண்டியது அவருக்குப் பக்கத்தில் பேழைக்குள் இருக்கும் மரகத லிங்கத்தை. உளி படாத சிறு பச்சைக்கல் லிங்கம் அது. வீதிவிடங்கர் என்று பெயர். அன்றாட அபிடேகம் அதற்குத்தான். திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய மற்ற ஆறு ஊர்களிலும் இப்படி ஒவ்வொரு விடங்கர் உண்டு. ஆக, மூலாதாரத் தலத்தின் கல் பச்சை. இன்றைய சக்கரப் பட்டியலில் பச்சை நெஞ்சுக்குப் போய்விட்டது. திருவாரூரில் யாரும் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கோயிலில் கல் வழிபாட்டுக்கு உரியது. நிறம் பார்த்து உறுப்புக்கு ஒதுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

திருவாரூரிலிருந்து மயிலாடுதுறை போய், அங்கிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால் கொள்ளிடத்தைத் தாண்டித் தில்லை என்னும் சிதம்பரம். இங்கே இரண்டு கற்கள் புகழ்பெற்றவை. ஒன்று சந்திரமௌலீசுவரர் என்னும் ஸ்படிக லிங்கம். ஆதிசங்கரரோடு சேர்த்துக் கதை சொல்லப்படுவது, நாள்தோறும் ஆறு காலமும் அபிடேகம் பெறுவது. மற்றது ரத்தினசபாபதி, மாணிக்கத்தால் ஆன சிறு நடராசர். முற்பகல் பூசையில், பத்து மணிக்கு மேல், ஸ்படிக லிங்கத்துக்குப் பிறகு ரத்தினசபாபதியை எழுந்தருளச் செய்து பாலும் மற்றவையும் வார்க்கிறார்கள். நிற்கிற கூட்டம் காத்திருப்பது அபிடேகத்துக்கு அல்ல, அதன் பின்னால் வரும் தீபத்துக்கு. முதலில் கற்பூர ஒளியை முன்னால் காட்டும்போது சிலை கறுத்துத்தான் தெரியும். பிறகு பூசை செய்யும் தீட்சிதர் தட்டைச் சிலைக்குப் பின்புறம் கொண்டுபோவார். சட்டென்று கல் முழுவதும் உள்ளிருந்து சிவந்து, தூக்கிய காலும் விரித்த கையும் தணல் நிறத்தில் எழும்பும். சில நொடிகள்தான். தட்டு விலகியதும் பழையபடி கறுப்பு. நிறத்தால் மனம் அசையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது அரிது. ஆனால் அங்கே நிற்கிறவர்களில் எவரும் இடுப்புவலிக்காக அந்தச் சிவப்பைப் பார்ப்பதில்லை. தில்லை மூலாதாரத் தலமும் அல்ல.

இந்திய மருத்துவம் கல்லைத் தொடவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சித்த மருத்துவத்தில் பவளத்தைப் புடமிட்டுப் பவள பற்பம் செய்கிறார்கள். முத்துக்கும் அப்படி ஒரு பற்பம் உண்டு. அவை சுட்டு, நீறாக்கி, அனுபானத்தோடு உள்ளுக்குக் கொடுக்கப்படுபவை. சோதிடத்தில் கற்கள் கிரகங்களுக்கு உரியவை: சூரியனுக்கு மாணிக்கம், செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம். நவரத்தின மோதிரம் போடுகிறவர் கிரகத்தை நினைத்துப் போடுகிறார். சக்கரத்துக்குக் கல் என்ற முறை மருந்திலும் சோதிடத்திலும் சேராதது. ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது கல் சரியாக இருக்கிறது. ஆறு ஆதாரத்துக்கு அப்படி ஒரு கற்பட்டியலைப் பழைய யோக நூல்கள் தருவதில்லை.

நிறம் மட்டும் அந்த நூல்களில் நிறைய இருக்கிறது. இந்த விஷயத்தில் அதிகம் கையாளப்படும் நூல் ‘ஷட்சக்ர நிரூபணம்’. வங்காளத்துத் தாந்திரிகரான பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய ‘ஸ்ரீதத்துவ சிந்தாமணி’யின் ஒரு பகுதி அது. அதன்படி மூலாதாரத் தாமரைக்கு நான்கு இதழ், நிறம் செம்மை. ஆனால் நடுவில் இருக்கும் நிலத்தின் சதுரம் மஞ்சள். அதன் விதையெழுத்து ‘லம்’. அதைச் சுமப்பது ஐராவதம். உள்ளே முக்கோணம், அதற்குள் சுயம்பு லிங்கம், லிங்கத்தைச் சுற்றிக் குண்டலினி. மேலே போகப் போக இன்றைய பட்டியலுக்கும் இதற்கும் இடைவெளி கூடுகிறது. சுவாதிட்டானம் குங்குமச் சிவப்பு. மணிபூரகத்தின் இதழ்கள் மழைமேகக் கருமை; இன்றைய சுவரொட்டியில் அது மஞ்சள். அநாகதத்தின் இதழ்கள் பந்தூகப்பூச் சிவப்பு, சுவரொட்டியில் பச்சை. விசுத்தி புகைகலந்த ஊதா, ஆக்ஞை வெண்மை. சிவப்பிலிருந்து ஊதா வரை வானவில் வரிசையாக ஏறும் அடுக்கு இதில் இல்லை. வேறு நூல்களில் நிறங்கள் இன்னும் வேறு. நூலாசிரியர்களுக்கு நிறம் தியானத்தில் மனத்தை நிறுத்த ஒரு பிடி. குருவுக்குக் குரு அது மாறலாம்.

ஷட்சக்ர நிரூபணத்தை உலகம் படித்தது சர் ஜான் உட்ராஃப் மூலம். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்துகொண்டே ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் தந்திர நூல்களை வெளியிட்டவர். இந்நூலின் ஆங்கில ஆக்கத்தை 1919-இல் கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தின் பிற்காலப் பதிப்புகள் சென்னையின் கணேஷ் அண்டு கம்பெனி வழியாகவே பரவின. அடுத்த திருப்பமும் சென்னையில்தான் நடந்தது. சிதம்பரத்திலிருந்து நாலைந்து மணி நேரத்தில் வந்துசேரும் நகரத்தில், அடையாறு ஆறு கடலைத் தொடும் இடத்தில், 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் இருக்கிறது. மாபெரும் ஆலமரத்தைப் பார்க்க வருகிறவர்கள்தான் பெரும்பாலோர். சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஆல்காட் 1886-இல் தொடங்கிய நூலகமும், சபையின் பதிப்பகமும் அதே தோப்புக்குள் இருக்கின்றன.

இந்தப் பதிப்பகம் 1927-இல் வெளியிட்டது சி. டபிள்யூ. லெட்பீட்டரின் ‘தி சக்ராஸ்’. லெட்பீட்டர் தம்மைத் தெளிவுக்காட்சி உடையவர் என்று சொல்லிக்கொண்டவர். சக்கரங்களைத் தாம் நேரில் பார்த்ததாக எழுதினார். வண்ணப் படங்களாக அச்சிட்டும் காட்டினார். அவர் பார்த்த மூலாதாரம் நெருப்புபோன்ற செம்மஞ்சள். தாம் கண்ட நிறங்களையும் சாத்திரங்கள் சொல்லும் நிறங்களையும் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதை மறைக்காமல் வைத்தார். சுவாதிட்டானத்தை விட்டுவிட்டு மண்ணீரலில் ஒரு சக்கரத்தை வைத்ததும் அவரே. தாமரையை விடச் சுழலும் வட்டு என்ற எண்ணம் வாசகர் மனத்தில் பதிந்தது இந்தப் புத்தகத்தால். குருவிடம் தீட்சை பெற்றுச் செய்யும் சாதனை என்ற நிலை மாறி, மனித உடம்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் உறுப்பு போன்ற ஒன்றாகச் சக்கரம் ஆனது. அடைபடும், சுத்தம் செய்யலாம், திறக்கலாம் என்ற பேச்செல்லாம் இதற்குப் பிறகு எளிதாக வந்துவிட்டது.

நிறத்தால் நோய் தீர்க்கும் முறை அதற்கு முன்பே தனி வழியில் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் எட்வின் பாபிட் 1878-இல் ஒளியும் நிறமும் பற்றிப் பெரிய புத்தகம் எழுதி, சிவப்பு தூண்டும், நீலம் தணிக்கும் என்று வகுத்தார். அவருடைய வழியைப் பிடித்துக்கொண்டவர் பம்பாயில் 1873-இல் பிறந்த பார்சிக்காரர் தின்ஷா காதியாலி. அமெரிக்கா போய் 1920-இல் ‘ஸ்பெக்ட்ரோ-குரோம்’ என்ற கருவியை அறிமுகம் செய்தார். விளக்குக்கு முன்னால் வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைக்கும் பெட்டி அது. ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். நீரிழிவுக்கும் காசநோய்க்கும் மருந்தை நிறுத்திவிட்டு அந்த ஒளியை நம்பியவர்கள் இருந்தார்கள். அமெரிக்க அரசு வழக்குப் போட, 1940களின் பிற்பாதியில் நியூஜெர்சி நீதிமன்றத்தில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. ஒளிக்கு மருத்துவ வேலையே இல்லை என்பதல்ல. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையை நீல ஒளியின் கீழ்க் கிடத்துவது இன்று அரசு மருத்துவமனைகளிலும் நடப்பதுதான். அந்த ஒளி தோலுக்குள் இருக்கும் பிலிருபினின் மூலக்கூறு வடிவத்தை மாற்றி, உடம்பு அதை எளிதாக வெளியேற்றும்படி செய்கிறது. அலைநீளமும் பொருளும் தெரிந்த வேதியியல் அது. சிவப்பு விளக்கு மூலாதாரத்தைத் திறக்கும் என்பதற்கு அப்படிச் சுட்டிக்காட்ட எந்த மூலக்கூறும் இல்லை.

ஏழு சக்கரத்துக்கு வானவில்லின் ஏழு நிறம் என்ற இன்றைய அடுக்கு மேற்கத்திய நிற மருத்துவ எழுத்தாளர்களிடம் மெல்ல உருவானது. அதைப் பரவலாக்கியதில் பெரிய பங்கு பிரிட்டனில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய கிறிஸ்டோபர் ஹில்ஸுக்கு உண்டு. அவருடைய ‘நியூக்ளியர் எவல்யூஷன்’ 1977-இல் பெரிய நூலாக வந்தது. நியூட்டன் ஒளியை ஏழு நிறமாகப் பிரித்ததும், தந்திரம் ஆறு ஆதாரத்தோடு உச்சித் தாமரையைச் சேர்த்து எண்ணியதும் ஏழு என்ற ஓர் எண்ணில் பொருந்திப்போயின. பொருத்தம் கண்ணுக்கு அழகாக இருந்ததால் அது பழையது என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள். கற்கள் கடைசியாக வந்தவை. கட்ரினா ரஃபேல் 1985-இல் எழுதிய ‘கிரிஸ்டல் என்லைட்டன்மென்ட்’ போன்ற புத்தகங்கள் நிறத்தின் மேல் கல்லை வைத்தன. சிவப்புச் சக்கரத்துக்குச் சிவப்புக் கல் என்ற கணக்குக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

படிகத்துக்கு ஆற்றல் உண்டு என்பதற்குச் சொல்லப்படும் வழக்கமான சான்று கைக்கடிகாரம். குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்தது உண்மை. கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்வதும் உண்மை. ஆனால் அது மின்கலம் இருப்பதால் அதிர்கிறது. வயிற்றின்மேல் சும்மா வைத்த கல் அதிர்வதில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சு 2001-இல் முன்வைத்த ஆய்வில் 80 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்கு உண்மையான குவார்ட்ஸ், சிலருக்குப் போலி. கையில் வைத்துத் தியானம் செய்தபோது வெப்பம், கூச்சம், மன அமைதி என்று இரு சாராரும் ஏறக்குறைய ஒரேமாதிரி சொன்னார்கள். என்னென்ன உணரலாம் என்று முன்கூட்டிக் கேள்விப்பட்டவர்கள் கூடுதலாக உணர்ந்தார்கள். அமைதி கிடைத்தது பொய்யல்ல. அதைக் கொடுத்தது கல் அல்ல.

கல் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. அதற்குச் சென்னை சென்ட்ரலில் அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். விஜயவாடா, வாரங்கல், வார்தா, பூசாவல் என்று தக்காணத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் வண்டி அது. வார்தாவுக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிவது கரிசல் மண். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பின் மிச்சம் அது. குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகள் வெற்றிடமாக நின்றன. சிலிக்கா கரைந்த நீர் அவற்றுக்குள் ஊறி, படலம் படலமாகப் படிந்து கல்லானது. அகேட், சூதுபவளம் எல்லாம் இந்தப் பொந்துகளில் விளைந்தவையே. ஆறுகள் பாறையை அரித்தபோது இவை உருண்டைகளாக விடுபட்டு, மேற்கே போய்ச் சரளைப் படுகைகளில் சேர்ந்தன. தமிழகத்தில் கொடுமணலிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுத்த சூதுபவள மணிகளின் மூலக்கல் குஜராத், மகாராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர் கருத்து. கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. ரயில் போகும் திசைக்கு எதிராக அவை நொய்யல் கரைக்கு வந்திருக்கின்றன.

மறுநாள் சூரத்தைக் கடந்து, நர்மதைப் பாலத்தைத் தாண்டியதும் பரூச் வருகிறது. ஆற்றுக்குத் தென்புறம் ஜகடியா வட்டத்தில், ராஜ்பார்டி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அருகில், ரத்தன்பூர் என்ற சிற்றூர். சூதுபவளத்தின் பழைய சுரங்கப் பகுதி இதுதான். சுரங்கம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஆள் இறங்கும் அளவுக்குச் செங்குத்துக் குழி, அடியில் சரளை அடுக்கு வரும்வரை தோண்டி, அங்கிருந்து பக்கவாட்டில் குடைந்து போவார்கள். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பில் பழங்குடியினர். மேலே வரும் கல் சேற்று மஞ்சளாக, உருளைக்கிழங்கு போல இருக்கும். சிவப்பு எங்கும் இல்லை.

ஊரை ஒட்டிய குன்றின்மேல் பாவா கோர் தர்கா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கருநிறத்து ஞானி, அகேட் வணிகத்தைத் தொடங்கி வைத்தவர் என்று கதை. அவருடைய தம்பி பாவா ஹபஷ், தங்கை மாய் மிஸ்ரா ஆகியோரின் அடக்கத்தலங்களும் உண்டு. தர்காவைப் பேணுவது சித்தி சமூகத்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்காப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். இது ஒரு சிகிச்சைத் தலமும்கூட. பேய் பிடித்ததாகவும் மனம் பேதலித்ததாகவும் அழைத்துவரப்படும் இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் இங்கே நாள்கணக்கில் தங்குகிறார்கள். சூதுபவளம் விளையும் மண்ணின் மேலேயே இது நடந்தாலும், குணம் தருவதாக அவர்கள் நம்புவது மண்ணுக்குள் அடங்கியிருக்கும் மனிதரை.

கம்பாத்துக்கு ஆனந்த் சந்திப்பில் இறங்கிக் கிளை ரயில் பிடிக்க வேண்டும். பேட்லாத் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு காலத்தில் இந்தியாவின் முதல் தரத் துறைமுகம். மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதினார். இபன் பதூதா 14-ஆம் நூற்றாண்டில் இங்கே தங்கினார். கம்பாத் ஒரு கையை ஏடனுக்கும் மறு கையை மலாக்காவுக்கும் நீட்டுகிறது என்ற பொருளில் போர்த்துகீசியரான டோமே பிரெஷ் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்தார். மாஹி ஆறு கொண்டுவந்த வண்டலால் துறைமுகம் தூர்ந்துபோக, வாணிகம் சூரத்துக்கும் பிறகு பம்பாய்க்கும் நகர்ந்தது. கல்வேலை மட்டும் நகரவில்லை. ஊரில் எல்லாக் கல்லுக்கும் பொதுப்பெயர் ‘அகீக்’.

சேற்று மஞ்சள் கல் சிவப்பாவது இங்கேதான். முதலில் மாதக்கணக்கில் வெயிலில் உலர்த்துகிறார்கள். பிறகு மண்பானைகளில் அடுக்கி, மரத்தூளோ சாணமோ சுற்றிலும் போட்டு மூட்டம் வைக்கிறார்கள். மாலையில் பற்றவைத்தால் காலை வரை மெதுவாகக் கனலும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் கல் வெடித்துவிடும். கல்லுக்குள் இருக்கும் மஞ்சள் நிற இரும்புத் தாது, சுமார் 300 டிகிரி வெப்பத்தில் தன்னிடமுள்ள நீரை இழந்து, சிவப்பான ஹெமடைட்டாக மாறுகிறது. ஒரே மூட்டத்தில் ஆழ்ந்த சிவப்பு வராது. நாலைந்து முறை வைக்க வேண்டியிருக்கும். இயற்கையின் செந்நிற ஆற்றல் என்று பொட்டலத்தில் அச்சடிப்பது இந்தப் பானைக்குள் உண்டாக்கிய நிறத்தைத்தான்.

அடுத்தது செதுக்கு. தொழிலாளி தரையில் குந்தியிருக்கிறார். முன்னால் ஒரு கூரிய இரும்புக் கம்பி சாய்வாகத் தரையில் ஊன்றியிருக்கிறது. இடக்கையில் கல்லை அந்த முனையில் சரியாக ஒட்டிப் பிடித்து, வலக்கையிலுள்ள சுத்தியால் கல்லின் மறுபுறம் தட்டுகிறார். சுத்தியின் தலை எருமைக்கொம்பு. மெல்லிய மூங்கில் பிடி. அடி கல்லின்மேல் விழுந்தாலும் சில்லு தெறிப்பது கம்பியை ஒட்டிய பக்கத்தில். இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை கல்லைத் திருப்பிப் பார்க்கிறார். பார்வை கல்லின் விளிம்பில் இருக்கிறது, சுத்தியில் இல்லை. இந்த முறை உலகில் வேறெங்கும் இவ்வளவு தேர்ச்சியோடு பிழைத்திருக்கவில்லை என்பதால் அமெரிக்க, பிரெஞ்சு, இத்தாலியத் தொல்லியலாளர்கள் கம்பாத்துக்கு வந்து, சிந்துவெளிக்காரர்கள் எப்படி மணி செய்திருப்பார்கள் என்று இந்தக் கைகளைப் பார்த்து ஊகித்திருக்கிறார்கள். துளையிட வில்லால் சுழற்றும் துரப்பணம். முனையில் கடுகளவு வைரத் துணுக்குகள். மெருகு ஏற்ற முன்பு தோல் பைக்குள் மணிகளையும் தூளையும் போட்டு இருவர் உருட்டினார்கள். இப்போது மின்மோட்டாரில் சுழலும் பீப்பாய்.

கடைகளில் பழைய சரக்கான மணிமாலைகளுக்குப் பக்கத்தில் பெரிய இடம் பிடித்திருப்பவை ‘செவன் சக்ரா செட்’டுகள். ஏழு உருட்டிய கற்கள் ஒரு சுருக்குப் பையில். ஏழு கல் பதித்த ஊசல், பிரமிடு, கூம்பு, வளையல். மூலாதாரத்துக்குப் பெரும்பாலும் சிவப்பு ஜாஸ்பர். சூதுபவளத்தை ஒரு வியாபாரி முதல் சக்கரத்தில் வைப்பார், அடுத்த கடைக்காரர் இரண்டாவதில். அயல்நாட்டு வாங்குநர் அனுப்பும் பட்டியல்தான் முடிவு செய்கிறது. ஊதாக்கல் பெரும்பாலும் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்து இங்கே மெருகேறித் திரும்பக் கப்பல் ஏறுகிறது. சில நீல, இளஞ்சிவப்பு அகேட்டுகள் சாயம் போட்டவை. பட்டறைக்காரர்கள் யாரும் இதை ஒளிப்பதில்லை, கேட்டால் சொல்கிறார்கள். பலர் முஸ்லிம்கள், பலர் இந்துக்கள். சக்கரம் அவர்களுக்கு ஆர்டரின் பெயர். யோக நூல்களில் பிறந்த சொல்லொன்று அடையாறிலும் கலிஃபோர்னியாவிலும் உருமாறி, கொள்முதல் சீட்டாகத் திரும்பி வந்திருக்கிறது.

இந்தத் தொழிலின் மோசமான பகுதி சாணைச் சக்கரம். அகேட்டும் ஜாஸ்பரும் ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. உலர்ந்த கல்லை எமரி சக்கரத்தில் பிடிக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் நுனி வரை போய்த் தங்கி, தழும்பு கட்டுகின்றன. அதுவே சிலிகோசிஸ். தழும்பை நீக்க மருந்து இல்லை. இந்நோய் வந்தவரைக் காசநோயும் எளிதில் பற்றும். இரண்டையும் குழப்பிக்கொண்டு காசநோய் மாத்திரையை மட்டும் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவர்கள் உண்டு. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கம்பாத் அகேட் தொழிலாளர்களை ஆய்ந்து இதைப் பதிவு செய்திருக்கிறது. நகரத்தை ஒட்டிய ஷகர்பூரில் சாணை பெரும்பாலும் வீட்டு முற்றத்தில் ஓடுகிறது. ஆகவே கல்லைத் தொடாத பெண்களும் குழந்தைகளும் அதே காற்றை இழுக்கிறார்கள். வீட்டில் நடப்பதால் அது சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை ஆவதில்லை. கூலி துண்டுக்கு இவ்வளவு என்பதால் முதலாளி யார் என்று நிறுவவும் ஆவணம் இருப்பதில்லை. ஈட்டுத்தொகை கேட்டுப் போகிறவர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார். தண்ணீர் சொட்டவிட்டு ஈரமாகத் தீட்டினாலோ, உறிஞ்சு குழாய் பொருத்தினாலோ தூசி வெகுவாகக் குறையும். அதற்கு ஆகும் செலவு துண்டுக் கூலியில் அடங்குவதில்லை. ‘உங்களை மண்ணோடு பிணைக்கும், பயத்தைப் போக்கும்’ என்ற வாசகத்தோடு விற்கும் கல்லைத் தேய்த்தவருக்கு மூச்சு வாங்குகிறது என்பதைச் சக்கரப் புத்தகங்கள் எழுதுவதில்லை. கல் எங்கே வெட்டப்பட்டது, ஈரச் சாணையா உலர் சாணையா என்று வாங்குகிறவர் கேட்டால் விற்பவருக்குப் பதில் சொல்லத் தெரியும்; கேட்கிறவர்தான் குறைவு.

கம்பாத்திலிருந்து வடமேற்கே சாலை வழியாக லோத்தல் போகலாம். எஸ். ஆர். ராவ் 1950களின் பிற்பாதியில் அகழ்ந்த அரப்பா கால ஊர். சுமார் 215 மீட்டர் நீளமான செங்கல் தொட்டி, கப்பல்துறை என்று அவர் கருதியது, இன்றும் மழைநீர் தேங்கி நிற்கிறது. அதைவிட இந்தப் பாதைக்கு வேண்டியது அங்கே கிடைத்த மணிப் பட்டறையும் அதன் சூளையும். முடிந்ததும் முடியாததுமாகச் சூதுபவள மணிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சூடேற்றிச் சிவப்பாக்கும் வித்தை நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அக்காலத்து நீண்ட சூதுபவள மணிகள் மெசபடோமியாவின் ஊர் நகர அரச கல்லறைகள் வரை போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் துளைக்கவே பல நாள் உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்று செய்துபார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றை அணிந்தவர்கள் அழகுக்காக அணிந்தார்களா, காப்புக்காகவா என்பதைச் சொல்லும் எழுத்து படிக்கப்படவில்லை. ஆகவே சக்கர மருத்துவம் சிந்துவெளியிலேயே இருந்தது என்று சில விளம்பரங்கள் சொல்வதற்கு இங்கே ஆதாரம் தேடிப் பயனில்லை. காட்சிக்கூடத்தில் மணிகளோடு துரப்பண முனைகளையும் வைத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. அருகிலுள்ள ரயில் நிலையம் லோத்தல்-புர்க்கி. அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால் அகமதாபாத்திலிருந்து சாலை வழியாக வந்து போவதே சௌகரியம்.